காம்ப் நூவில் ஜெயிக்க முடியாது என்று சொன்னவர்

பெர்ன்ட் ஷூஸ்டர் பேச்சு வந்தாலே என் நண்பன் ஒருவன் அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் எடுப்பான். அவன் ரியல் மாட்ரிட் வெறியன். 2008 டிசம்பர் 7ஆம் தேதி, சொந்த மைதானமான பெர்னபேவில் செவியாவிடம் 4-3 என்று தோற்றுவிட்டு வந்து பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்தார் அப்போது ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளராக இருந்த ஷூஸ்டர். அடுத்த வாரக் கடைசியில் பார்சிலோனாவோடு ஆட்டம். அதைப் பற்றிக் கேட்டார்கள். பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நூவில் ஜெயிப்பது சாத்தியமில்லை, இந்த வருஷம் அவர்களுடைய வருஷம் என்கிற மாதிரி பதில் சொன்னார். இரண்டு நாளில் வேலை போய்விட்டது. "மேட்ச்சுக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்ட ஆளுடா அவரு. அப்படி ஒரு கோச்சை எவன் வச்சுப்பான்?" என்பான் நண்பன். கால்பந்து பார்க்கும் பெரும்பாலானோர் மனதிலும் ஷூஸ்டர் என்கிற பயிற்சியாளர் அந்த ஒரு வரியாகத்தான் மிஞ்சியிருக்கிறார்.

எனக்கு அது பயந்தவன் பேச்சாக ஒருபோதும் பட்டதில்லை. அதே சமயம், சரியான பேச்சுதான் என்று முழு மனதோடு சொல்லவும் முடிவதில்லை. பல வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து உழல்கிறேன். அந்த வாக்கியத்தை மட்டும் பிடுங்கி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் விளங்காது என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொன்ன மனிதர் ஆடிய விதத்தையும், ஒவ்வொரு இடத்தையும் விட்டுக் கிளம்பிய விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1980 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தின் முதல் கோலிலிருந்து ஆரம்பிக்கலாம். ரோம் நகரம், எதிரணி பெல்ஜியம், பத்தாவது நிமிடம். இருபதே வயதான ஷூஸ்டர் நடுக்களத்திலிருந்து பந்தோடு ஓடி வருகிறார், ஆலாஃப்ஸுக்குத் தட்டித் திரும்ப வாங்குகிறார், ஹ்ருபெஷ் நெஞ்சில் தாங்கும் உயரத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறார். ஹ்ருபெஷ் அதைக் கீழே இறக்கி அடித்துவிட்டார். மேற்கு ஜெர்மனி 2-1 என்று கோப்பையை வாங்கியது. அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதில் ரும்மனிகேவுக்கு அடுத்த இடம் இந்தப் பையனுக்கு. அவருக்கு முன்னால் பத்துப் பதினைந்து வருஷம் ஜெர்மன் நடுக்களம் முழுக்கக் காத்திருந்தது. ஆனால் தேசிய அணிக்காக அவர் ஆடியது மொத்தம் 21 ஆட்டங்கள். 24 வயதில் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டார்.

அவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று பதிவுகளில் கிடைக்கும் துண்டுகளைப் பார்த்தாலே தெரியும். ஓடிக்கொண்டே நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்துக்குப் பந்தை அனுப்புவார். அது போய் விழும் இடத்தில் அந்த நொடியில் யாரும் இருக்க மாட்டார்கள், பந்து வந்து சேரும்போது ஆள் இருப்பார். ஃப்ரீ கிக் அடிக்கும்போது பந்து சுவரைத் தாண்டி வளைந்து இறங்கும். தூரத்திலிருந்து பார்ப்பதும், பார்த்ததை உடனே செய்துவிடுவதும்தான் அவருடைய திறமையின் சாரம். யோசித்துத் தயங்கும் கட்டம் ஒன்று நடுவில் இருப்பதாகவே தெரியாது. அந்தத் தயக்கமின்மை மைதானத்துக்கு வெளியேயும் அவரிடம் இருந்தது என்பதுதான் சிக்கல்.

1980இலேயே கொலோன் அணியிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனார். 1981-82 பருவத்தில் அத்லெடிக் பில்பாவோவின் தடுப்பாட்டக்காரர் கொய்கோச்செயா முட்டியை உடைத்துவிட்டதால், ஸ்பெயினிலேயே நடந்த 1982 உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. 1983 செப்டம்பரில் அதே கொய்கோச்செயா காம்ப் நூவுக்கு வந்தபோது ஷூஸ்டர் அவர்மேல் முரட்டுத்தனமாகப் பாய்ந்தார். பழைய கணக்கு தீர்க்கப்படுகிறது என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபமெல்லாம் மரடோனாவின் கணுக்காலில் போய் இறங்கியது. கணுக்கால் முறிந்தது. கால்பந்து வரலாற்றில் கொய்கோச்செயாவின் பெயர் மரடோனாவோடு மட்டும் சேர்த்துப் பேசப்படுகிறது. அதற்கு முன்னால் ஒரு முட்டி உடைந்த கதை இருப்பது பலருக்கு நினைவில்லை.

தேசிய அணி விஷயம் வேறு மாதிரி. பயிற்சியாளர் டெர்வாலோடு ஒத்துப்போகவில்லை. பிரைட்னர் மாதிரி மூத்த வீரர்களோடும் உரசல். இரண்டாவது குழந்தை பிறக்கும் நேரத்தில் அல்பேனியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு வர மறுத்தார், அது பெரிய குற்றமாகப் பேசப்பட்டது. இன்றைக்கு ஒரு வீரர் குழந்தை பிறப்புக்காக ஆட்டத்தைத் தவறவிட்டால் கிளப்பே வாழ்த்துச் செய்தி போடுகிறது. அன்றைக்கு அது ஒழுக்கக்கேடு. 1984 பிப்ரவரியில் பெல்ஜியத்துக்கு எதிராக ஆடியதோடு சரி. பின்னால் பெக்கன்பாவர் பொறுப்பேற்று அழைத்துப் பார்த்தும் திரும்பவில்லை. 1986இல் ஜெர்மனி உலகக் கோப்பை இறுதி வரை போனது, 1990இல் கோப்பையையே வாங்கியது. அப்போது ஷூஸ்டருக்கு முப்பது வயதுதான், ரியல் மாட்ரிட்டில் லீக் வென்றுகொண்டிருந்தார். ஜெர்மனியில் இதை வீணான வாழ்க்கை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. அவரை ரசிக்க ஜெர்மன் சட்டை வேண்டியிருக்கவில்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு வாரமும் ஆடினார்.

செவியா, 85ஆவது நிமிடம்

ஷூஸ்டர் வாழ்க்கையில் ஒரே ஒரு இரவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 1986 மே 7ஐத்தான் எடுப்பேன். ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி. பார்சிலோனா அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. ரியல் மாட்ரிட்டிடம் அப்போதே ஆறு இருந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு வாழ்ந்த ஊருக்கு, இறுதி ஆட்டம் ஸ்பெயினுக்குள்ளேயே செவியா நகரில், எதிரணி ருமேனியாவிலிருந்து வந்த ஸ்டெவா புகாரெஸ்ட். மைதானம் முழுக்க பார்சிலோனா ரசிகர்கள். அதற்கு முந்தைய பருவத்தில் டெர்ரி வெனபிள்ஸ் பயிற்சியில் பதினோரு வருஷத்துக்குப் பிறகு லீக் வென்றிருந்தார்கள். அந்த லீக்கை வென்று கொடுத்த அணியின் மூளை ஷூஸ்டர். மரடோனா நாப்போலிக்குப் போன பின்னால் வந்த முதல் பருவம் அது. ஆள் போனதே தெரியாத மாதிரி ஆட்டத்தைத் தன் காலடியில் வைத்துக்கொண்டவர் அவர். பாலோன் தோர் பட்டியலில் மூன்றாவது இடம் அந்த வருஷம் வந்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆட்டம் படு மந்தமாக நடந்தது. கோல் இல்லை. 85ஆவது நிமிடத்தில் வெனபிள்ஸ் ஷூஸ்டரை வெளியே எடுத்து மொராத்தாயாவை அனுப்பினார். அன்று ஷூஸ்டர் நன்றாக ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் கூடுதல் நேரமும் பெனால்டியும் எட்டிப் பார்க்கும் நேரத்தில், நின்ற பந்தை அடிப்பதில் அணியிலேயே கைதேர்ந்தவரை எடுக்கிறோமே என்று யோசித்திருக்க வேண்டாமா? ஷூஸ்டர் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக உடை மாற்றும் அறைக்குப் போனார், உடுப்பை மாற்றினார், மைதானத்தை விட்டு வெளியே வந்தார், டாக்சி பிடித்து ஓட்டலுக்குப் போய்விட்டார். உள்ளே இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

அதன் பிறகு என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். பெனால்டி. அலெஸாங்கோ, பெத்ராசா, பிச்சி அலோன்சோ, மார்கோஸ் என்று வரிசையாக நாலு பேர் அடித்தார்கள், ஸ்டெவா கோல்கீப்பர் டுக்கடாம் நாலையும் தடுத்தார். பார்சிலோனா கோல்கீப்பர் உருத்தி தன் பங்குக்கு முதல் இரண்டைத் தடுத்தும் பலனில்லை. 2-0. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் ஸ்டெவா. பார்சிலோனாவுக்கு இன்னும் ஆறு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த டாக்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தன்னோடு ஆடிய பதினைந்து பேரை நடுவில் விட்டுவிட்டுப் போனது நிச்சயம் தவறு. கோபம் பயிற்சியாளர் மேல் என்றால், தண்டனை பெனால்டி அடிக்கப் போன சக வீரர்களுக்கு எதற்கு? அலெஸாங்கோ பந்தை வைக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டியவர்களில் ஒருவர் இவர். இந்த இடத்தில் ஷூஸ்டருக்காக வாதாட எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் பின்னால் கிளப் செய்ததும் நியாயமில்லை. தலைவர் நூனியெஸ் இனி இவர் இங்கே ஆட மாட்டார் என்று முடிவெடுத்தார். லினெக்கரும் மார்க் ஹியூஸும் வந்தார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கான இரண்டு இடமும் நிரம்பிவிட்டது. ஐரோப்பாவின் தலைசிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவர், 27 வயதில், 1986-87 பருவம் முழுவதும் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் உட்கார வைக்கப்பட்டார். ஒப்பந்தம் இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, ஆட மட்டும் அனுமதி இல்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை எனக்குத் தெரியவில்லை. வெனபிள்ஸ் போனபின் திரும்ப வந்து ஆடினார், 1988இல் ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கோபா தெல் ரே வென்றார். அந்தக் கோடையில் நேராக ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்.

அங்கே இரண்டு பருவம், இரண்டு லீக். 1989-90இல் டோஷாக் பயிற்சியில் அந்த அணி லீக்கில் 107 கோல் அடித்தது. அதன் பின்னால் அத்லெதிகோ மாட்ரிட். 1992 கோபா இறுதி பெர்னபேவில், ரியலுக்கு எதிராக. ஏழாவது நிமிடத்தில் ஷூஸ்டரின் ஃப்ரீ கிக் வலையின் மூலையில். ஃபூத்ரே இரண்டாவதைப் போட, 2-0. ஒரு காலத்தில் தன்னை ஒதுக்கிய பார்சிலோனா, தன்னை வேண்டாம் என்று அனுப்பிய ரியல், இரண்டுக்கும் காலால் பதில் சொன்னவர். கடைசியில் ஜெர்மனிக்குத் திரும்பி லெவர்குசனில் ஆடினார். 1994இல் ஜெர்மன் தொலைக்காட்சி ரசிகர்கள் வருஷத்தின் சிறந்த கோலுக்கு வாக்களித்தபோது முதல் மூன்று இடத்தையும் இவருடைய கோல்களுக்கே கொடுத்தார்கள். 34 வயது ஆளுக்கு! அங்கேயும் கடைசியில் பயிற்சியாளரோடு மனக்கசப்பில்தான் முடிந்தது. பிறகு கொஞ்ச நாள் மெக்சிகோவில் பூமாஸ் அணி. 1997இல் ஓய்வு.

கெடாஃபேயில் ஒரு மே மாதம்

பெரிய வீரர்கள் பலருக்குப் பயிற்சியாளர் வேலை நேரே மேல் மாடியில் கிடைக்கும். ஷூஸ்டர் கீழிருந்துதான் ஏறினார். ஜெர்மனி இரண்டாம் டிவிஷனில் ஃபோர்துனா கொலோன், பிறகு பழைய கொலோன் அணி, ஸ்பெயின் இரண்டாம் டிவிஷனில் ஹெரெஸ், உக்ரைனில் ஷக்தார், லெவந்தே. லெவந்தேவில் பருவம் முடியும் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். 2005இல் மாட்ரிட் புறநகர்க் கிளப்பான கெடாஃபேக்கு வந்தார். முதல் டிவிஷனுக்கு வந்து ஒரே ஒரு வருஷம் ஆன கிளப் அது.

2007 ஏப்ரல் 18. கோபா அரையிறுதி முதல் ஆட்டம், காம்ப் நூ. மெஸ்ஸி பாதி மைதானத்தைத் தாண்டி ஓடி, மரடோனாவின் 1986 உலகக் கோப்பை கோலை அப்படியே திரும்பப் போட்டது இந்த ஆட்டத்தில்தான். உலகமே பார்த்த கோல். எதிரணி எது என்று கேட்டால் நிறையப் பேருக்கு நினைவுக்கு வரும்: கெடாஃபே. பயிற்சியாளர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். 5-2 என்று தோற்றார்கள். அப்படி ஒரு தோல்விக்குப் பின் ஒரு சின்ன கிளப் இரண்டாவது ஆட்டத்தை மரியாதைக்கு ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மே 10ஆம் தேதி கெடாஃபே தன் மைதானத்தில் பார்சிலோனாவை 4-0 என்று நசுக்கியது. மொத்தம் 6-5. அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் இறுதி ஆட்டம். இறுதியில் செவியாவிடம் ஒரே கோலில் தோற்றார்கள் என்றாலும் ஐரோப்பியப் போட்டிக்கு இடம் கிடைத்தது. லீக்கில் 38 ஆட்டத்தில் 33 கோல்தான் வாங்கியிருந்தார்கள். கோல்கீப்பர் அப்பொன்தான்சியேரிக்கு, சராசரியாகக் குறைந்த கோல் வாங்கிய கோல்கீப்பருக்கான சமோரா விருது.

நண்பனிடம் நான் கேட்பது இதுதான். 5-2க்குப் பிறகு கையைத் தூக்காத ஆள், ஒன்றரை வருஷத்தில் எப்படிக் கோழையானார்? அதுவும் உலகத்தின் பணக்கார அணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு?

இதற்கு மேல் ஒன்று உண்டு. 2007 கோடையில் ரியல் மாட்ரிட் அவரை எடுத்தது. அந்த டிசம்பர் 23ஆம் தேதி காம்ப் நூவில் ஆட்டம். ஜூலியோ பப்டிஸ்டா போட்ட கோலில் ரியல் 1-0 என்று ஜெயித்தது. பெஞ்சில் இருந்தவர் ஷூஸ்டர். அங்கே ஜெயிப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முந்தின வருஷம்தான் செய்து காட்டியிருந்தார். மே 4ஆம் தேதி பாம்ப்லோனாவில் ஒசசூனாவுக்கு எதிராக, பத்துப் பேரோடு, கடைசிச் சில நிமிடங்களில் ராபனும் இகுவாயினும் கோல் போட, லீக் உறுதியானது. 85 புள்ளி. மூன்று நாள் கழித்து பார்சிலோனா பெர்னபேவுக்கு வந்தது. சாம்பியன் அணிக்கு இரண்டு பக்கமும் வரிசையில் நின்று கைதட்டி வரவேற்கும் மரியாதையை பார்சிலோனா வீரர்கள் செய்ய வேண்டி வந்தது. ஆட்டம் 4-1. தேதி மே 7. செவியாவில் டாக்சி பிடித்துப் போனதிலிருந்து சரியாக 22 வருஷம்.

அந்த டிசம்பர்

சரி, அப்படிப்பட்டவர் ஏன் அப்படிச் சொன்னார்? 2008 கோடையில் கிளப் கிறிஸ்டியானோ ரொனால்டோவைத் துரத்திக்கொண்டு நேரத்தைக் கழித்தது, அவர் வரவில்லை. ராபின்யோ, வீரர்கள் கிளப் மாறும் காலத்தின் கடைசி நாளில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். நவம்பரில் ஃபான் நிஸ்டல்ராய் முட்டி அறுவை சிகிச்சையோடு பருவத்தையே இழந்தார். அதே மாதம் மூன்றாம் மட்டத்து அணியான ரியல் யூனியன் கோபாவிலிருந்து இவர்களைத் தூக்கி எறிந்தது. எதிரே பார்சிலோனாவில் பயிற்சியாளராக குவார்தியோலாவின் முதல் பருவம். லீக்கில் ஒன்பது புள்ளி இடைவெளி. ஷூஸ்டர் இரண்டு அணிகளையும் பார்த்தார். நடுக்களத்தில் நின்று ஐம்பது மீட்டர் தள்ளி நடக்கப்போவதைப் பார்த்த அதே கண்தான். பார்த்ததைச் சொல்லிவிட்டார்.

அது நடந்தது. டிசம்பர் 13, புதிய பயிற்சியாளர் ஹுவாந்தே ராமோஸ் தலைமையில் ரியல் காம்ப் நூவில் 2-0 என்று தோற்றது. கசியாஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தும் தோற்றது. மே 2ஆம் தேதி பெர்னபேவிலேயே 6-2. பார்சிலோனா அந்தப் பருவத்தில் லீக், கோபா, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் எடுத்தது. வேலையை விட்டு அனுப்பிய தலைவர் கால்தெரோன் ஜனவரியில் தானே பதவி விலகினார். கால்பந்துக் கணிப்பாக அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஆனால் இங்கேதான் என் வாதம் எனக்கே போதாமல் போகிறது. காம்ப் நூவுக்குப் பின் ராமோஸ் அதே வீரர்களை வைத்து லீக்கில் 18 ஆட்டத்தில் 17ஐ ஜெயித்தார், ஒன்று டிரா. அந்த அணியிடம் அவ்வளவு உயிர் மிச்சம் இருந்தது. ஷூஸ்டரின் கண்ணுக்கு அது தெரியவில்லை, அல்லது அதை வெளியே கொண்டுவரும் தெம்பு அவரிடம் தீர்ந்திருந்தது. பார்சிலோனாவைப் பற்றி அவர் கணித்தது சரி, தன் அணியைப் பற்றிக் கணித்தது சரியில்லை. பயிற்சியாளர் மைக் முன்னால் பேசுவதை முதலில் கேட்பவர்கள் அவருடைய வீரர்கள். மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்த ராவுலும் கசியாஸும் என்ன நினைத்திருப்பார்கள்? செவியாவில் பெனால்டி அடிக்கப் போன நாலு பேரைப் போலத்தான் அவர்களும். முக்கியமான நேரத்தில் தங்கள் ஆள் பக்கத்தில் இல்லை. நண்பன் இதைக் கோழைத்தனம் என்கிறான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஷூஸ்டர் எல்லாக் காலத்திலும் தன் கண்ணுக்கு மட்டும் விசுவாசமாக இருந்தார். தனியாக ஆடுபவனுக்கு அது போதும். இருபத்தைந்து பேரை வைத்து நடத்துபவருக்கு அது போதாது. அதற்காக அவரை அன்று அனுப்பியது நியாயம் என்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதம் முன்னால் லீக் வென்று கொடுத்த ஆளுக்கு, எல்லாரும் மனதுக்குள் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னதற்காக, ஆறு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

அதன் பின் துருக்கியின் பெசிக்டாஸில் ஒரு பருவம்கூட முடியவில்லை. மலாகாவில் ஒரு வருஷம், பதினொன்றாவது இடம். சீனாவில் தாலியான் அணியைக் கீழே இறங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். பெரிய கிளப் எதுவும் திரும்ப அழைக்கவில்லை. ரியல் மாட்ரிட்டில் லீக் வென்ற பயிற்சியாளர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பலருக்கும் பின்னால் நல்ல வேலைகள் வரிசையாக இருக்கும். இவருக்குப் பட்டியல் அங்கேயே மெலிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை வேலை கொடுப்பவர்கள் எவரும் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நண்பனோடு இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அவன் டிசம்பர் 2008ஐ விட மாட்டான். நான் மே 2007ஐ விட மாட்டேன். போன முறை பேசியபோது கெடாஃபேயின் அந்த 4-0 ஆட்டத்தை முழுசாக ஒரு தடவை பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். "பார்க்குறேன், ஆனா அது அவங்க சொந்த கிரவுண்டுடா" என்றான். அதுவும் உண்மைதான்.